கோயமுத்தூர் காந்திபுரம் ரெஸ்யூமே சென்டர்ல ஃபுல் பேக்கேஜ் எடுத்தேன், பழைய மேனேஜருக்கு ஃபாலோ அப் போட அது ஆச்சா ஆகலியா

மொதல்ல ரேட்டிங் சொல்லீடறேன், அஞ்சுக்கு மூணு. ரெஸ்யூமேக்கு மூணு, மெசேஜ் டெம்ப்ளேட்டுக்கு ஒண்ணு குடுக்கறதுக்கே மனசு வல்ல, கடைசீல ஒரு மேடம் ஒரு மணி நேரம் உக்காந்து பேசுனாங்க பாருங்க அதுக்கு மட்டும் அஞ்சுக்கு அஞ்சு. கடை பேரு போடல, ஏன்னா நூறடி ரோடு கிராஸ்கட் ரோடு சுத்தி இதே மாதிரி நெறையா இருக்குது, பேக்கேஜும் முக்காவாசி ஒண்ணு போலத்தான் இருக்கும், நீங்க எங்க போனாலும் எதைக் கேக்கணும் எதுக்கு காசு குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சா போதும்.

நான் திருப்பூர்ல எக்ஸ்போர்ட் துணி கம்பெனில மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு பையரோட ஆர்டர சாம்பிள்ல இருந்து ஷிப்மெண்ட் வரைக்கும் கூட நின்னு பாக்கற வேலை. எங்க கம்பெனி ஆர்டர் பெரும்பாலும் அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதும் என்ன ஆச்சுன்னு திருப்பூர்ல இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, வெளியூர்க்காரங்களுக்கு சொல்றேன், பையர் ஆர்டர கேன்சல்னும் சொல்ல மாட்டான் ஓகேன்னும் சொல்ல மாட்டான், ஹோல்டுல வெய்யிங்கம்பான், இல்லீன்னா டிஸ்கவுண்ட் கேப்பான், அட்டைப் பொட்டி அடுக்கி வெச்ச எடத்துலயே இருக்கும், நாம தெனம் மெயில் பாத்துட்டு உக்காந்திருக்கோணும். அப்படி இருக்கறப்ப தான் ஆவணி மாசம் பெருந்துறைல ஒரு கல்யாணத்துல எங்க பழைய மேனேஜரப் பாத்தேன். நான் டிப்ளமோ முடிச்சுட்டு வந்த புதுசுல வேலை சொல்லிக் குடுத்தவரு, ஆபீஸ்ல எல்லாருக்கும் அவரு அண்ணா தான், சார்னு கூப்பிட்டா திரும்பிக் கூட பாக்க மாட்டாரு. இப்ப வேற கம்பெனில ஜி.எம்., அவங்களுக்கு யூரோப்பும் யூகேவும் தான் மார்க்கெட். 2025 ஜூலைல யூகேயோட வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்து ஆயிருச்சு, அது நடைமுறைக்கு வந்தா நம்ம துணிக்கு அங்க டூட்டி போயிரும், அதனால அவங்க டீம பெருசு பண்றாங்கன்னு சொன்னாரு. பந்தி முடிஞ்சு கை கழுவற எடத்துல "சீனியர் மெர்ச்சண்டைசர் எடம் ஒண்ணு வருது தம்பி, ரெஸ்யூமே அனுப்பு, பாக்கறேன்" அப்படின்னாரு. அன்னிக்கு ராத்திரியே வாட்ஸப்புல அனுப்பீட்டேன். ரெண்டு டிக்கும் நீலமாச்சு. அவ்வளவு தான், அதுக்கப்பறம் ஒரு சத்தமும் இல்ல.

இப்ப இதுல தான் செரமம். தெரியாத கம்பெனின்னா ரெண்டு மெயில் போட்டுட்டு விட்டுறலாம். சொல்லிக் குடுத்தவருகிட்ட எப்படி திரும்பக் கேக்கறது, கேட்டா நச்சரிக்கறான்னு நெனைப்பாரா, கேக்காம வுட்டா இவனுக்கு வேலை வேண்டாமாட்டக்குதுன்னு நெனைப்பாரா. பையர் லேப் டிப்புக்கு, அதாவது சாயம் போட்ட மாதிரித் துணிக்கு, அப்ரூவல் குடுக்கலீன்னா காலைல ஒரு மெயில் சாயந்தரம் ஒரு மெயில் போடற ஆளு நானு, மெர்ச்சண்டைசர் பொழப்பே ஃபாலோ அப் தானுங்க, ஆனா இவருக்கு ரெண்டு வரி டைப் பண்றதுக்குள்ள போன கீழ வெச்சுர்றது. சரி காசு குடுத்தாவது ஒருத்தர்கிட்ட கேப்போம்னு தான் அந்த சென்டருக்குப் போனேன், போர்டுல "ரெஸ்யூமே, லிங்க்ட்இன், நெட்வொர்க்கிங் மெசேஜ்" அப்படின்னு பெருசா போட்டிருந்துச்சு.

ரெஸ்யூமே மட்டும்னா 1,500, ஃபுல் பேக்கேஜ் 4,500, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. பில் கேட்டா தான் குடுப்பாங்க, கேட்டு வாங்கீக்கோங்க. ஏசி நல்லா இருக்குது, தண்ணி கேன் இருக்குது, டோக்கன் போட்டு தான் கூப்பிடறாங்க, ஆனா டோக்கன் நெம்பருக்கும் கூப்பிடற வரிசைக்கும் சம்பந்தமே இல்ல.

ரெஸ்யூமே பண்ணுன பையன் நல்ல பையன் தான், சுறுசுறுப்பு. நல்லது மொதல்ல சொல்றேன். அப்பா பேரு, கல்யாணம் ஆச்சா, மதம், கடைசீல "மேற்கண்ட விவரங்கள் உண்மை" ரகத்துல ஒரு டிக்ளரேஷன், இதெல்லாம் எங்க காலேஜ்ல சொல்லிக் குடுத்தத அப்படியே வெச்சிருந்தேன், மொத்தத்தையும் தூக்கீட்டான். மூணு பக்கம் இருந்தது ரெண்டாச்சு. ஃபைல் பேரு "ரெஸ்யூமே ஃபைனல் நியூ 2" அப்படின்னு இருந்தத என் பேரு, வேலை, வருஷம்னு மாத்தி வெச்சான், சின்ன வேலை தான் ஆனா வாங்கறவரு போன்ல நூறு ஃபைலுக்கு நடுவுல தேடறப்ப இது தான் உதவும்.

கெட்டது என்னன்னா நம்ம தொழில் அவனுக்கு சுத்தமா தெரியல. டெக் பேக்குன்னு நான் எழுதி இருந்தத கம்ப்யூட்டர் ஸ்கில்ஸ்ல கொண்டு போய் எக்ஸெலுக்குக் கீழ வெச்சிருந்தான்! தெரியாதவங்களுக்கு, டெக் பேக்குங்கறது பையர் அனுப்பற ஸ்பெக்கு, அளவு, துணி, தையல், பிரிண்ட், லேபிள் எங்க வரணும்ங்கற வரைக்கும் அதுல தான் இருக்கும், அது சாஃப்ட்வேர் இல்லீங்க. அதுக்கு மேல "டைனமிக்", "பேஷனேட்", "ரிசல்ட் ஓரியண்டட்" அப்படின்னு மூணு வரி. திருப்பூர்ல ஒரு எம்டியோ ஜி.எம்மோ ரெஸ்யூமேய எடுத்தா பாக்கறது எந்த நாட்டு பையர், பேபி வேரா மென்ஸா, எத்தனை பீஸ் ஆர்டர் தனியா பாத்திருக்கான், கோட்ஸ், ஓக்கோ டெக்ஸ், செடெக்ஸ் மாதிரி பையர் கேக்கற சர்ட்டிஃபிகேட், ஆடிட் டாக்குமெண்ட் தெரியுமா, இவ்வளவு தான். பேஷனேட்டா இருக்கானான்னு யாரும் பாக்க மாட்டாங்க. நானே உக்காந்து மாத்த வெச்சேன், பையன் மொகம் சுளிக்காம மாத்திக் குடுத்தான், அதனால தான் மூணு ஸ்டார்.

லிங்க்ட்இன் பத்தி பெருசா ஒண்ணும் இல்ல, ஃபோட்டோ மாத்துனாங்க, மேல ஒரு வரி எழுதிக் குடுத்தாங்க. எங்க மேனேஜர் அண்ணா லிங்க்ட்இன் தொறக்கறதே இல்ல.

இப்ப டெம்ப்ளேட்டுக்கு வாரேன். "மென்டார் ஃபாலோ அப்" அப்படின்னு ஒரு பிடிஎஃப் குடுத்தாங்க, எல்லாம் இங்கிலீஷு. "ஐ ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்"ல ஆரம்பிச்சு, உங்கள் வழிகாட்டுதலுக்கு என்றும் நன்றி உடையவன்ங்கற அர்த்தத்துல ஒரு பத்தி, என்னோட கேரியர் பயணம்னு ஒரு பத்தி, கடைசீல தான் விசயமே வருது, அதுவும் "ஏதாவது வாய்ப்பு இருந்தால்" அப்படின்னு. பேரு போடற எடத்துல ஒரு கோடு, கம்பெனி பேரு போடற எடத்துல ஒரு கோடு. இத யாரு வேணாலும் யாருக்கு வேணாலும் அனுப்பலாம், அது தான் அதோட கேடே. இத அவருக்கு அனுப்பி இருந்தா "என்ன தம்பி ஒடம்பு கிடம்பு சரியில்லையா"ன்னு போன் வந்திருக்கும்.

அது கூட பரவால்ல, இதுக்கு மேல ஒண்ணு வெச்சிருக்காங்க, ஆட்டோ ஃபாலோ அப்பாம். எக்ஸ்ட்ரா காசு கட்டுனா பதில் வர்ற வரைக்கும் மூணு நாளைக்கு ஒருக்கா நம்ம மெயில்ல இருந்து அவங்களே அனுப்பீட்டு இருப்பாங்களாம், அதுக்கு நம்ம மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் குடுக்கோணுமாம். ஏங்க, சொந்த மெயில் பாஸ்வேர்ட எவனாவது வெளியாளுகிட்ட குடுப்பானா, பேங்க் ஓடிபில இருந்து ஆதார் வரைக்கும் அதுல தான் கெடக்குது. கவுண்டர்ல இருந்த ஆளு திரும்பத் திரும்ப சொல்லீட்டே இருந்தாரு, "எல்லாரும் எடுக்கறாங்க சார்"னு. நான் எடுக்கல. நீங்களும் எடுக்காதீங்க. பாஸ்வேர்ட வுடுங்க, மூணு நாளைக்கு ஒருக்கா மிஷினு மாதிரி மெயில் போனா அந்த மனுசன் ஜென்மத்துக்கும் நம்ம நெம்பர எடுக்க மாட்டாரு.

பேக்கேஜ்ல ஒரு மணி நேரம் கவுன்சிலிங் ஃப்ரீன்னு இருந்துச்சு, சும்மா பேருக்குன்னு நெனைச்சேன். கோபிக்காரங்க ஒரு மேடம், அம்பது வயசு இருக்கும், முன்ன ஒரு மில்லுல எச்ஆர்ல இருந்தவங்களாம். அந்த டெம்ப்ளேட்ட நான் காட்டுனதும் வாங்கி கவுத்தி வெச்சுட்டாங்க. கவுத்தி வெச்சுட்டு கேட்ட மொத கேள்வி, "அவருகிட்ட நீங்க என்னங்க கத்துக்கிட்டீங்க?"

எனக்கு டக்குனு ஜிஎஸ்எம் ஞாபகம் தான் வந்துச்சு, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கற கணக்கு. துணி ரோல் வந்து எறங்குனா அண்ணா மேல் துணிய ரெண்டு வெரல்ல தேச்சுப் பாத்து "நூத்தி எம்பது இருக்கும்"பாரு. அப்பறம் எங்களை கட்டர் எடுக்கச் சொல்வாரு. அந்த வட்டக் கட்டர் சரியா 100 சதுர சென்டிமீட்டர் வெட்டும், அந்தத் துண்டத் தராசுல வெச்சு வர்ற கிராம நூறால பெருக்குனா ஒரு சதுர மீட்டர் எடை, 1.78 கிராம் வந்தா 178 ஜிஎஸ்எம். ரெண்டு மூணுக்கு மேல அவரு தப்பி நான் பாத்ததில்ல. ஆனா ஒரு தடவை கூட வெரல்ல பாத்தத வெச்சு ரிப்போர்ட் எழுத வுட மாட்டாரு, ரோலுக்கு மூணு எடத்துல வெட்டுன்னுவாரு, ஓரத்துல ரெண்டு நடுவுல ஒண்ணு. நான் இத சொல்லி முடிச்சதும் மேடம் சொன்னாங்க, "அப்ப அவருக்கு நைஸா பேசறது ஆகாது, கணக்கு தான் ஆகும். அதையே எழுதுங்க." இதுக்கே 4,500 குடுக்கலாம்னு தோணுச்சு, சரி பாதியாவது.

அப்பறம் கல்யாணத்துல அவரு என்ன வார்த்தை சொன்னாருன்னு அப்படியே சொல்லச் சொன்னாங்க. "அனுப்பு, பாக்கறேன்" தானே சொன்னாரு, வாங்கித் தாரேன்னு சொல்லல, அதனால நாம கேக்க வேண்டியது வேலை குடுங்கன்னு இல்ல, பாத்தீங்களான்னும் இல்ல, பாத்தீங்களான்னு கேட்டா அவரு பாக்கலைன்னு குத்திக் காட்டற மாதிரி ஆயிரும், அந்த எடம் இன்னும் இருக்குதான்னு கேளுங்க, அதுக்கு ஆமா இல்லைன்னு ஒத்தை வார்த்தைல பதில் சொல்லலாம், ஆடிட்டுக்கு நடுவுல நிக்கற மனுசன் கூட சொல்லீருவாரு. நீங்க கடைசியா பேசுனதுக்கு அப்பறம் புதுசா ஒண்ணு நடந்திருந்தா அதையும் ஒரு வரி போடுங்க, இல்லீன்னா சும்மா ஞாபகப்படுத்தற மாதிரி தான் இருக்கும்.

நான் எழுதிக் காட்டுனதுல ரெண்டு வரிய அடிச்சாங்க. ஒண்ணு, "தொந்தரவுக்கு மன்னிக்கணும்". தொந்தரவுன்னு நீங்களே சொன்னா அவரும் அப்படித்தானே நெனைப்பாருன்னாங்க. இன்னொண்ணு, அமெரிக்கா வரியால எங்க கம்பெனி படற பாடு. "அவருக்கு தெரியாததாங்க? உங்க வெசனத்த அவரு தலைல தூக்கி வெச்சா அவரு எரக்கப்பட்டு சொல்லுவாரு, எரக்கத்துல சொன்ன சிபாரிசு எம்டி கிட்ட நிக்காது" அப்படின்னாங்க.

நம்மூர்க்காரங்களுக்கு இன்னொரு பழக்கம் இருக்குது, நேரா கேக்க மாட்டோம், ஒறம்பரை வழியா சொல்லி வுடுவோம். எங்க மாமனுக்கு மேனேஜர் அண்ணாவோட பங்காளி ஒருத்தரு நல்ல பழக்கம், காங்கயத்துல ஒண்ணா மாட்டுச் சந்தைக்கு போற அளவுக்கு பழக்கம். மாமன் "நான் ஒரு வார்த்தை போட்டு வுடறேன் மாப்ள"ன்னு துடியாத் துடிச்சாரு. மேடம் ஒரே புடியா வேண்டாம்னுட்டாங்க. பங்காளி சொல்லி அவரு செய்யறாருன்னா உங்க வேலையப் பாத்து செய்யறதில்ல, மொகத்துக்காக செய்யறது, நாளைக்கு நீங்க ஒரு ஷிப்மெண்ட்ல சறுக்குனா அவரு ஆபீஸ்லயும் தலை குனியோணும் சொந்தத்துலயும் தலை குனியோணும், சொல்லிக் குடுத்தவர எதுக்கு அந்த எடத்துல கொண்டு போய் நிறுத்தறீங்கன்னாங்க. மாமனுக்கு இன்னும் கோவம் தான்.

எப்ப அனுப்பறதுங்கறது மட்டும் மேடத்துக்குத் தெரியல, அது எனக்குத் தெரிஞ்ச விசயம். ஜெர்மனி நேரம் நமக்கு வெயில் காலத்துல மூணரை மணி நேரம் பின்னால, குளிர் காலத்துல நாலரை. அதாவது நம்ம மதியம் ஒரு மணிக்கு தான் அவங்க ஆபீஸ் தொறந்து உக்காருவாங்க, சாப்பிட்டு வர்றதுக்குள்ள மெயில் கொட்டீரும், அதுக்கப்பறம் ராத்திரி வரைக்கும் யூரோப் பாக்கற ஜி.எம். யாரும் மனுசனாட்ட இருக்க மாட்டாங்க. காலைல வந்து டீ குடிச்சு முடிச்சு புரொடக்‌ஷன் மீட்டிங் போறதுக்கு முன்னால ஒரு சின்ன நேரம் இருக்குது, அது தான் நேரம். மாசக் கடைசி வேண்டாம், ஷிப்மெண்ட் நெருக்கடி. தீவாளிக்கு முந்துன வாரம் சுத்தமா வேண்டாம், போனஸ் பட்டுவாடால எம்டியும் ஜி.எம்மும் தலைய பிச்சுக்கிட்டு இருப்பாங்க, ஆனா போனஸ் வாங்குனதுக்கு அப்பறம் தான் இங்க ஆளுங்க கம்பெனி மாறுவாங்க, அதனால தீவாளிக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே நம்ம பேரு அவரு மண்டைல இருக்கோணும்.

கடைசியா போன மெசேஜ் இது தான், யாருக்காவது உதவும்னா எடுத்துக்கோங்க, ஆனா அப்படியே காப்பி அடிச்சா அதுவும் டெம்ப்ளேட் ஆயிரும்:

"அண்ணா வணக்கம். பெருந்துறை கல்யாணத்துல சீனியர் மெர்ச்சண்டைசர் எடம் பத்தி சொன்னீங்க, அன்னிக்கே ரெஸ்யூமே அனுப்பி இருந்தேன். போன வாரம் யூகே பையர் பேபி வேர் ஆர்டர் ஒண்ணு ஷிப்மெண்ட் ஆச்சுங்ணா, சாம்பிள்ல இருந்து நானே பாத்தேன், ரோலுக்கு மூணு எடத்துல வெட்டித்தான் ஜிஎஸ்எம் பாத்தோம், கலர் ஷேடுலயோ எடைலயோ ஒரு கம்ப்ளெய்ண்ட் இல்ல. அதையும் சேர்த்து புது ரெஸ்யூமே இதோட வெச்சிருக்கேன். அந்த எடம் இன்னும் இருக்குதுங்களா? ஆள் போட்டாச்சுன்னாலும் பரவால்லீங்ணா, ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்."

அந்த கடைசி வரி மேடம் சேர்த்தது. இல்லைன்னு சொல்றதுக்கு சங்கடப்பட்டுட்டு தான் முக்காவாசி பேரு பதிலே போட மாட்டாங்களாம், நாமளே அந்தக் கதவ தொறந்து வெச்சுட்டா வந்துருமாம். அதே மாதிரி ரெஸ்யூமேய திரும்ப வெக்கச் சொன்னதும் அவங்க தான், "மேல போய் தேடட்டும்னு வுடாதீங்க, அவரு எதுக்கு உங்க சாட்ட நோண்டிட்டு இருக்கோணும்". இதுக்கும் பதில் வல்லீன்னா தீவாளி கழிஞ்சு ஒரே ஒரு போன், அதோட நிறுத்திக்கோங்க, அப்பறம் பொங்கலுக்கு வாழ்த்து சொன்னா போதும், அதுல வேலைய இழுக்காதீங்கன்னு சொல்லி அனுப்பீட்டாங்க.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அண்ணாகிட்ட இருந்து வாய்ஸ் நோட் வந்துச்சு, பின்னால தையல் மிஷின் சத்தம் ஓடுது. "ஆடிட்டு தம்பி, மறந்தே போய்ட்டேன். மூணு எடத்துல வெட்டுனியா? சரி, எம்டி கிட்ட பேசீட்டு சொல்றேன், தீவாளி முடிஞ்சு வர்ற மாதிரி இருக்கும்." அவ்வளவு தான்.

தீவாளி கழிஞ்சு இன்டர்வியூ போனேன், நல்லா தான் போச்சு, சம்பளம் மட்டும் நான் நெனைச்சதுக்கும் அவங்க சொன்னதுக்கும் கொஞ்சம் எட்டல. இங்க தான் அந்த சென்டரோட பெரிய ஓட்டை இருக்குது, மெசேஜ் அனுப்பற வரைக்கும் தான் அவங்க பேக்கேஜ், அதுக்கப்பறம் என்ன பண்றதுன்னு ஒரு வரி கெடையாது. இன்டர்வியூ முடிஞ்சதும் சிபாரிசு பண்ணுனவருகிட்ட என்ன சொல்றது, சம்பளம் பத்தி அவருகிட்ட பேசலாமா கூடாதா, இதெல்லாம் தானே நெசமான செரமம். நான் மேடத்தோட நெம்பர் வாங்கி வெச்சிருந்ததால கேட்டேன், எக்ஸ்ட்ரா காசு வாங்கல. எம்டி வாயில இருந்து அவரு கேள்விப்படறதுக்கு முன்னால உங்க வாயில இருந்து கேக்கட்டும், ஆனா பேரம் பேசித் தாங்கன்னு கேக்காதீங்க, நடந்தத மட்டும் சொல்லுங்கன்னாங்க. அன்னிக்கு சாயந்தரமே கூப்பிட்டு இவ்வளவு கேட்டேன், இவ்வளவு சொன்னாங்க, யோசிச்சு ரெண்டு நாள்ல சொல்றேன்னு சொல்லி இருக்கேங்ணான்னு சொன்னேன். "சரி தம்பி, நீ யோசி, நான் நடுவுல வல்ல" அப்படின்னாரு, நல்ல வேளை நான் ஒண்ணும் கேக்கல. பேச்சு இன்னும் ஓடீட்டு தான் இருக்குது, வேலை ஆச்சா இல்லையாங்கறத வெச்சு நான் இந்த ஸ்டார் குடுக்கல.

யாரு போலாம்னா, புதுசா படிச்சு முடிச்சவங்க, ரெஸ்யூமே எப்படி போடறதுன்னே தெரியாதவங்க 1,500க்கு போலாம், உங்க தொழில் வார்த்தை எல்லாம் ஒரு பேப்பர்ல அர்த்தத்தோட எழுதி எடுத்துட்டு போங்க, இல்லீன்னா டெக் பேக் கதை தான். ஃபுல் பேக்கேஜ் எடுத்தா கவுன்சிலிங்க மொதல்லயே வாங்கீருங்க, அவங்க அத கடைசீல தள்ளுவாங்க, பாதிப் பேரு அதுக்கு வர்றதே இல்லையாம். மேடம் சனிக்கெழமை மட்டும் தான் வாராங்க, போன் பண்ணி கேட்டுட்டு போங்க. வண்டி நிறுத்த எடம் கெடையாது, திருப்பூர்ல இருந்து வர்றவங்க காந்திபுரம் பஸ்ஸே ஏறி வந்துருங்க, எறங்குனா நடக்கற தூரம் தான்.